மழைக்கேற்ற கூடாரம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை. ஊரில் வாழ்பவன் இம்மூன்றனுள் உறையுளைப் பற்றி நாள்தோறும் நினைப்பதில்லை. மாலையில் அவன் திரும்பி வரும்போது கூரையும் சுவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மலையும் காடும் கடந்து பல நாள் நடந்து செல்பவன் நிலை வேறு. அவன் தன் வீட்டையும் தன் முதுகிலேயே சுமந்து செல்கின்றான். அவ்வீடு மடித்தால் ஒரு தலையணை அளவினது. விரித்தால் ஓரிருவர் படுத்துறங்கும் அளவினது. அதுவே கூடாரம். இதனைப் ‘படமாடம்’ என்றும் முன்னோர் வழங்கினர். படம் என்பது துணி. துணியால் ஆகிய மாடம் ஆதலின் அப்பெயர் பொருத்தமானதே.

கூடாரத்தைச் சுமப்பவனுக்கு அதன் எடை குறைந்திருத்தல் வேண்டும். அதனுள் மழையில் தங்குபவனுக்கு அது ஈரம் புகாததாய் இருத்தல் வேண்டும். சுமப்பவனும் தங்குபவனும் ஒருவனே. ஆயினும் பகலில் அவன் விரும்புவது ஒன்று. இரவில் அவன் வேண்டுவது மற்றொன்று. துணியை மெல்லியதாக்கினால் எடை குறையும், காப்பும் குறையக்கூடும். துணியைத் தடித்ததாக்கினால் காப்பு மிகும், தோள் வலிக்கும். இவ்விரண்டையும் சீர்தூக்கி ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது ஓர் அறிவுப் பயிற்சியாகும்.

மழை மிக்க மலைவழி

இப்பயிற்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்து நாட்டின் மேற்கு மலைநாட்டு வழியாகும். 1980ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற இந்நடைவழி, கிளாஸ்கோ நகரின் அருகிலுள்ள மில்கை என்னும் ஊரில் தொடங்கி, லோமண்ட் ஏரியின் கரையோரமாகச் சென்று, ரானக் என்னும் பரந்த ஈரநிலத்தின் விளிம்பைக் கடந்து, ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊரில் முடிகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 154 கிலோமீட்டர். நடப்போர் பலர் இதனை ஏழெட்டு நாளில் கடக்கின்றனர்.

அந்நாட்டில் 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்வோர் திறந்த வெளி நிலங்களில் கூடாரமிட்டுத் தங்கும் உரிமையை வழங்குகின்றது. லோமண்ட் ஏரியைச் சார்ந்த சில பகுதிகளில் மட்டும் மார்ச்சு முதல் செப்டம்பர் வரை முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். ஆதலின், கூடாரத்தை முதுகில் சுமந்து இவ்வழியே செல்வோர் பலராவர்.

சென்னையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஃபோர்ட் வில்லியம் பகுதியில் அது ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். அளவில் உள்ள வேறுபாட்டினும் பெய்யும் முறையில் உள்ள வேறுபாடே பெரிது. சென்னையின் மழையில் பெரும்பகுதி சில மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். மேற்கு மலைநாட்டிலோ மழையில்லாத மாதம் என்று ஒன்று இல்லை. இன்னுமொரு வேறுபாடும் உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் மழையில் நனைந்த சிறுவன் தலையைத் துவட்டிக்கொண்டு மீண்டும் விளையாடச் செல்லலாம். ஸ்காட்லாந்து மலைகளிலோ கோடைக்காலத்து இரவிலும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. அங்கு நனைதல் விளையாட்டன்று. அஃது உயிருக்கு இடர் தருவது.

ஈரமும் குளிரும்

இவ்விடர் எத்தகையது என்பதை 1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு துயரம் உலகிற்கு உணர்த்திற்று. டெர்பிஷயர் பகுதியின் உயர்ந்த மேட்டு நிலங்களின் வழியே சாரணர் இயக்கத்தார் ‘நான்கு விடுதி நடை’ என்னும் நெடுநடைப் போட்டி ஒன்றை நடத்தினர். கூடாரமிட்டுத் தங்கிச் செல்லும் நடையன்று அது. இடையறாது நடந்து முடிக்க வேண்டிய போட்டி. அன்று மழை பெய்தது. காற்றும் கடுமையாக வீசிற்று. வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே மேல் இருந்தது. நடந்தோருள் மிகச் சிலரே இறுதிவரை சென்றனர். இளைஞர் மூவர் உடல் வெப்பம் இழந்து உயிர் நீத்தனர்.

1953ஆம் ஆண்டின் எவரெஸ்டுப் பயணக் குழுவில் இடம் பெற்றிருந்த கிரிஃபித் பியூ என்னும் உடலியல் அறிஞர் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தார். அவர்கள் இறந்தது பனிக்கட்டியின் குளிரால் அன்று. ஈரமும் காற்றும் களைப்பும் ஒன்று சேர்ந்ததனால் ஆகும். உலர்ந்த ஆடை உடலின் வெப்பத்தைக் காப்பதற்குக் காரணம் அதன் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் காற்றே. ஆடை நனையும்போது அக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கின்றது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்த வல்லது. ஆகவே நனைந்த ஆடையை அணிந்தவன், வீசும் காற்றில் ஆடையற்றவன் போன்றே ஆகிவிடுகின்றான்.

உறங்கும்போது போர்த்துக்கொள்ளும் உறக்கப்பைக்கும் இஃது ஒக்கும். பறவையின் மென்தூவி அடைத்த உறக்கப்பை எடையில் குறைந்தது. வெப்பம் காப்பதில் சிறந்தது. ஆனால் அது நனைந்துவிட்டால் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிப் பயனற்றுப் போகும். எனவே, மழைநாட்டில் கூடாரம் காக்க வேண்டியது தன்னை அன்று; தன்னுள் இருக்கும் உலர்ந்த ஆடையையும் உறக்கப்பையையுமே. அவ்விரண்டும் உலர்ந்திருக்கும் வரையில் நாள் முழுதும் நனைந்தவனும் இரவில் உடலைத் தேற்றிக்கொள்ளலாம். கூடாரத்தைத் தேர்ந்தெடுப்போர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இதுவே.

தையற்கலைஞர் தந்த கூடாரம்

முற்காலத்தில் கூடாரம் என்பது படைகளும் வணிகக் கூட்டங்களும் விலங்குகளின் மேலும் வண்டிகளிலும் ஏற்றிச் சென்ற பெரும் பொருளாக இருந்தது. அதனைத் தனி மனிதன் சுமக்கும் பொருளாக மாற்றியவருள் முதன்மையானவர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயர். 1844ஆம் ஆண்டில் பிறந்த அவர், தம் ஒன்பதாம் வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் புல்வெளிகளை வண்டித் தொடரில் கடந்தார். கூடார வாழ்வில் அவருக்கு ஏற்பட்ட பற்று அன்று தொடங்கியது.

ஹோல்டிங் தொழிலால் தையற்கலைஞர். ஆதலின் துணியின் இயல்பும் தையலின் உறுதியும் அவருக்கு நன்கு தெரிந்திருந்தன. அவர் 1897ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கானமாரா பகுதியில் மிதிவண்டியில் சென்று கூடாரமிட்டுத் தங்கினார். மறு ஆண்டில் அப்பயணத்தைப் பற்றி நூல் ஒன்றும் எழுதினார். 1901ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் மிதிவண்டிக் கூடாரர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1908ஆம் ஆண்டில் கூடார வாழ்வோர்க்கான கையேடு ஒன்றையும் வெளியிட்டார். மிதிவண்டியில் செல்பவனால் பெருஞ்சுமை தாங்க இயலாது. அந்த இயலாமையே எடை குறைந்த கூடாரத்திற்கு வித்திட்டது.

அக்காலத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியும் பட்டும் கூடாரத்திற்குப் பயன்பட்டன. பருத்தி நனைந்ததும் அதன் நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். அதனால் மழை உட்புகாது. ஆனால் நனைந்த பருத்தியின் எடை பெரிது. உள்ளே இருப்பவன் அத்துணியில் கை வைத்துத் தேய்த்துவிட்டால், அவ்விடத்தில் நீர் கசியத் தொடங்கும். இக்குறைகளைப் பிற்காலத்துச் செயற்கை இழைகள் நீக்கின. நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், பாலியெஸ்டர் இழை 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் உருவாயின. இன்று நடைப்பயணிகள் சுமக்கும் கூடாரங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டனுள் ஒன்றால் ஆனவை.

உள்ளிருந்து வரும் மழை

மழை மேலிருந்து மட்டுமே வருகின்றது என்று எண்ணுவது இயல்பு. கூடாரத்தில் உள்ளிருந்தும் ஒரு மழை உண்டு. உறங்குபவன் விடும் மூச்சிலும் அவன் தோலிலும் ஈரம் ஆவியாக வெளிப்படுகின்றது. ஒருவன் ஓர் இரவில் வெளிவிடும் ஈரம் ஏறத்தாழக் கால் லிட்டர் ஆகும். இருவர் தங்கினால் அது அரை லிட்டர். நனைந்த ஆடையும் காலணியும் உள்ளே இருந்தால் ஈரம் இன்னும் மிகும். வைகறையில் புல்லின் மேல் பனி படிவது போலவே, இந்த ஆவி கூடாரத் துணியின் குளிர்ந்த உட்புறத்தில் பட்டு நீர்த்துளிகளாக மாறுகின்றது. நீர்புகாத் துணி வெளி நீரை உள்ளே விடாதவாறே உள் ஆவியையும் வெளியே விடுவதில்லை அன்றோ? காலையில் தலைமேல் துளி விழக் கண்டவன், கூடாரம் ஒழுகுகின்றது என்று வருந்துவான். உண்மையில் அது பல வேளைகளில் அவன் மூச்சே ஆகும்.

இதற்கு அறிஞர் கண்ட வழி இரண்டு சுவர் அமைப்பதாகும். வெளிக்கூடாரம் நீர்புகாத் துணியால் ஆனது. உட்கூடாரம் ஆவியை வெளியே விடும் மெல்லிய துணியாலோ வலையாலோ ஆனது. இரண்டிற்கும் இடையே கையளவு இடைவெளி இருக்கும். ஆவி உட்கூடாரத்தைக் கடந்து சென்று வெளிக்கூடாரத்தில் நீராகப் படிந்து, சரிவின் வழியே தரைக்கு வழிந்துவிடும். காற்றின் அசைவால் சில துளிகள் சிதறினும் உட்கூடாரத் துணி அவற்றைத் தடுத்துவிடும். ஒற்றைச் சுவர்க் கூடாரம் எடையில் குறைந்ததே. உலர்ந்த காற்றுள்ள நாடுகளில் அது போதும். மழை விடாது பெய்யும் நாட்டில் இரட்டைச் சுவரே நம்பத்தக்கது.

இரட்டைச் சுவர் இருந்தால் மட்டும் போதாது; காற்று உலவ வழியும் வேண்டும். கீழே ஒரு வழியும் மேலே ஒரு வழியும் இருப்பின், குளிர்ந்த காற்று கீழே புகுந்து ஈரக் காற்றை மேலே தள்ளிச் செல்லும். மேல்வழியின் மேல் மழை விழாதவாறு சிறு கூரை அமைந்திருத்தல் வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் கோடையில் மிட்ஜ் எனப்படும் நுண்ணிய கடிப்பூச்சிகள் கூட்டமாகத் திரியும். ஆதலின் காற்று வழிகளில் எல்லாம் மிக நுண்ணிய வலையும் தேவை.

துணியின் தன்மை

கூடாரத் துணியின் மென்மையை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையுள்ளதோ அத்தனை டெனியர் என்பது கணக்கு. 20 டெனியர் நூல் என்றால், 9 கிலோமீட்டர் நீளமுள்ள நூல் 20 கிராம் எடையே உடையது. இத்துணை மெல்லிய நூலால் நெய்த துணி எளிதில் கிழியாதோ என்னும் ஐயம் எழலாம். அதற்காகவே குறிப்பிட்ட இடைவெளிகளில் வலுவான நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக இட்டு நெய்கின்றனர். ஒரு கட்டத்தில் கிழிசல் தோன்றினும் அடுத்த வலுவான நூல் அதனைத் தடுத்து நிறுத்தும்.

நைலான் பாலியெஸ்டரைவிட இழுவலிமை மிக்கது. ஆனால் அஃது ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். இயல்பான காற்றில் 100 கிராம் நைலான் ஏறத்தாழ 4 கிராம் ஈரத்தை ஏற்கும். மழையில் அது நீண்டு தளர்வதால், மாலையில் இறுகக் கட்டிய கூடாரம் நள்ளிரவில் தொய்ந்து நிற்கும். எழுந்து கயிறுகளை மீண்டும் இறுக்க நேரும். பாலியெஸ்டர் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தையே ஏற்பதால் அவ்வளவு தளர்வதில்லை. வெயிலையும் நன்கு தாங்கும். தொய்ந்த துணி உட்கூடாரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரத்தை உள்ளே கடத்தும் ஆதலின், இவ்வேறுபாடு மழைநாட்டில் சிறிதன்று.

துணியின் மேல் பூசும் பூச்சும் கருதத்தக்கது. சிலிகோன் ஊட்டிய துணி கிழிசலை நன்கு தாங்கும். நீர் அதன் மேல் உருண்டோடும். ஆனால் அதன் தையல்களில் நாடா எளிதில் ஒட்டாது. சில கூடாரங்களில் பயன்படுத்துவோரே தையலின் மேல் சிலிகோன் பசையைத் தடவிக்கொள்ள வேண்டும். பாலியூரித்தேன் பூசிய துணியில் தையல்களின் மேல் நாடா ஒட்டி விற்கலாம். ஆனால் ஈரத்தோடு நெடுநாள் மடித்து வைத்தால் அப்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும்.

நீர்த்தூண் அளவு

துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. துணியை இறுக்கிப் பிடித்து, அதன் மேல் நீர்த்தூணின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். எவ்வுயரத்தில் துளிகள் மறுபுறம் தோன்றுகின்றனவோ, அவ்வுயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பர். 1,500 மில்லிமீட்டர் தாங்கும் துணியை மழைக்கூரைக்கு ஏற்றது எனக் கொள்வது வழக்கம். அதாவது, ஒன்றரை மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை அத்துணி தாங்கும் என்பது பொருள்.

தளத்துணிக்கு இவ்வளவு போதாது. ஈர மண்ணின் மேல் விரித்த துணியில் ஒருவன் முழங்காலூன்றும்போது அவன் உடலின் எடை முழுதும் சிறு இடத்தில் அழுந்துகின்றது. அவ்வழுத்தம் தரையின் நீரைத் துணியின் வழியே மேலே ஏற்றிவிடும். ஆகவே தளத்துணி கூரைத்துணியினும் பன்மடங்கு அழுத்தம் தாங்குவதாய் இருத்தல் நன்று. அதன் ஓரங்கள் தொட்டி போல நாற்புறமும் சில அங்குல உயரம் மேலே எழும்பி நிற்க வேண்டும். அவ்வாறு இருப்பின், தரையில் ஓடும் மழைநீர் உள்ளே புகாது. இவ்வளவுகள் எல்லாம் புதுத் துணிக்கு உரியவை. பயன்படப் பயன்பட அவை குறைந்துகொண்டே வரும் என்பதையும் மறத்தலாகாது.

வடிவமும் நிறுத்தும் முறையும்

நடைப்பயணிகளின் கூடாரங்களில் பல வடிவங்கள் உண்டு. வளைந்த கழிகள் உச்சியில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பது குவிமாட வடிவம். இது முளையடிக்காமலே தன் காலில் நிற்கும். பாறை நிலத்திற்கு ஏற்றது. வளைந்த கழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று குகை போல் நீண்டிருப்பது சுரங்க வடிவம். எடைக்கு ஏற்ற இடம் இதில் மிகுதி. ஆனால் முளைகள் உறுதியாக ஊன்றப்பட வேண்டும். குறுகிய பக்கம் காற்றை நோக்கியிருக்க வேண்டும். ஊன்றுகோலையே நடுக்காலாக நிறுத்தும் கூம்பு வடிவமும் உண்டு. நடப்பவன் எப்படியும் ஊன்றுகோல் கொண்டு செல்வதால் கழியின் எடை மிச்சமாகும். ஆயினும் முளை ஒன்று பெயர்ந்தால் கூடாரம் முழுதும் சாயக்கூடும்.

வடிவத்தினும் முதன்மையானது நிறுத்தும் முறை. சில கூடாரங்களில் உட்கூடாரத்தை முதலில் நிறுத்தி, பின்னர் வெளிக்கூடாரத்தை அதன் மேல் போர்த்த வேண்டும். கொட்டும் மழையில் இவ்வேலை முடிவதற்குள் உட்கூடாரம் நனைந்து தளத்தில் நீர் தேங்கிவிடும். வேறு சிலவற்றில் வெளிக்கூடாரத்தை முதலில் நிறுத்தலாம். அல்லது இரண்டையும் இணைத்தவாறே ஒருங்கே நிறுத்தலாம். மழைநாட்டில் இம்முறையே சிறந்தது. காலையில் புறப்படும்போதும், வெளிக்கூடாரம் மழையைத் தாங்கி நிற்க, உட்கூடாரத்தையும் பொருள்களையும் அதன் கீழேயே உலர்ந்தவாறு மடித்துவிடலாம். நனைந்த வெளிக்கூடாரத்தைத் தனிப் பையில் இட்டுக்கொண்டால் ஏனைய பொருள்களுக்கு ஈரம் பரவாது.

முன்றில்

வீட்டிற்கு முன்றில் எப்படியோ, கூடாரத்திற்கும் அப்படியே. வெளிக்கூடாரம் வாயிலின் முன்னே சற்று நீண்டு இறங்கி, தளமில்லாத ஒரு சிறு மறைவிடத்தை உண்டாக்கினால், நனைந்த மேலாடையும் சேறு படிந்த காலணியும் அங்கேயே தங்கிவிடும். ஈரத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது இதுவே. முன்றில் இல்லாத கூடாரத்தில் நனைந்தவன் தன் ஈரம் அனைத்தோடும் படுக்கையில் புக வேண்டியிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மழைக்கு அஞ்சி மூடிய கூடாரத்தினுள்ளோ மூடிய முன்றிலிலோ அடுப்பை எரித்தல் கூடவே கூடாது. துணி தீப்பற்றும் என்பது மட்டும் அன்று. அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவனை அஃது உறக்கத்திலேயே கொன்றுவிடும். கரி அடுப்புத் தணிந்து கனன்றாலும் இந்த இடர் நீங்குவதில்லை.

எடையைக் கணக்கிடும் முறை

கடைகளில் கூடாரத்தின் எடையை இருவகையாகக் குறிப்பிடுவதுண்டு. வெளிக்கூடாரம், உட்கூடாரம், கழிகள் இவற்றின் எடையை மட்டும் குறிப்பது ஒன்று. முளை, கயிறு, பை முதலிய அனைத்தையும் சேர்த்துக் குறிப்பது மற்றொன்று. சுமப்பவனுக்கு உரியது இரண்டாவது எடையே. கூடாரங்களை ஒப்பிடுவோர் இரண்டிற்கும் ஒரே வகை எடையைக் கொண்டு ஒப்பிடுதல் வேண்டும்.

இருவர் மேற்கு மலைநாட்டு வழியில் ஒரு வாரம் நடக்க எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் முன் மூன்று கூடாரங்கள் உள்ளன. முதலாவது 900 கிராம் எடையுள்ள ஒற்றைச் சுவர்க் கூடாரம். இரண்டாவது 1,500 கிராம் எடையுள்ள இரட்டைச் சுவர்க் கூடாரம். அதன் உட்கூடாரம் முழுதும் வலை. அதனையே முதலில் நிறுத்த வேண்டும். மூன்றாவது 1,900 கிராம் எடையுள்ளது. இரண்டையும் ஒருங்கே நிறுத்தலாம். வெளிக்கூடாரம் தரை வரை இறங்கும். இருபுறமும் முன்றில் உண்டு.

எடையை மட்டும் நோக்குபவர் முதலாவதையே எடுப்பர். அதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு 1 கிலோ. இருவரும் பங்கிட்டுச் சுமந்தால் ஒருவர்க்கு அரைக் கிலோவே மிகுதி. மழை மூன்று நாள் விடாது பெய்கின்றது. ஒற்றைச் சுவரில் இருவர் மூச்சும் நீராகி இரவுதோறும் உறக்கப்பைகளில் சொட்டுகின்றது. நனைந்த ஆடை உலர இடமில்லை. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ அன்றோ? உறக்கப்பைகளிலும் ஆடைகளிலுமாக ஒரு லிட்டர் நீர் ஏறிவிட்டால், கடையில் குறைத்த எடையை மழை மீண்டும் முதுகில் ஏற்றிவிட்டது என்பதே பொருள். அதனோடு வெப்பமும் உறக்கமும் போயின. ஆதலின் இவ்விருவர்க்கும் இந்நாட்டில் மூன்றாவது கூடாரமே உண்மையில் எடை குறைந்ததாகும். மழையற்ற கோடையில் உலர்ந்த நாட்டில் நடப்பவர்க்கு முதலாவதே ஏற்றதாகலாம். இடமும் காலமும் அறிந்து தேர்தலே அறிவுடைமை.

இடம் அறிதலும் பேணுதலும்

நல்ல கூடாரமும் தீய இடத்தில் பயன்படாது. பள்ளத்தில் கூடாரமிட்டால் சுற்றுப்புற நீர் எல்லாம் அங்கேயே வந்து சேரும். ஓடைக் கரையில் இட்டால், மலையின் மேல் பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வரும். சற்று உயர்ந்து, நீர் வடிந்து செல்லும் சரிவருகே, காற்றுக்கு மறைவான சமநிலமே தக்கது. தளத்தின் கீழே வேறொரு துணி விரிப்பதாயின், அது வெளிக்கூடாரத்தின் எல்லைக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஓரம் வெளியே நீண்டால் அது மழைநீரைப் பிடித்துத் தளத்தின் கீழே கொணர்ந்து சேர்த்துவிடும்.

கூடாரத்தை முதன்முதலாகப் பிரிப்பது மலைமேல் மழையில் ஆகாது. வீட்டு முற்றத்திலோ பள்ளித் திடலிலோ அதனை இருமுறை மும்முறை நிறுத்திப் பழக வேண்டும். பூவாளியால் நீர் தெளித்து எத்தையல் கசிகின்றது என்று பார்த்து, அங்குப் பசை தடவிக்கொள்ள வேண்டும். பயணம் முடிந்து வந்ததும் கூடாரத்தை நிழலில் காற்றாட விரித்து நன்கு உலர்த்திய பின்பே மடித்து வைத்தல் வேண்டும். ஈரத்தோடு மடித்த கூடாரத்தில் பூஞ்சணம் பற்றும், பூச்சும் கெடும். ஓராண்டுக்குப் பின் மலையில் அதனை விரிப்பவன் தன் சோம்பலின் பயனைத் தன் தலைமேலேயே பெறுவான்.

ஒரு பொருளின் சிறப்பை ஒரே அளவால் அறுதியிடுதல் பிழை என்பதற்கு இக்கூடாரம் நல்ல சான்றாகும். எடை என்பது எளிதில் காணத்தக்க எண். தராசில் வைத்தவுடன் தெரிந்துவிடும். ஈரம் காக்கும் திறனோ, இருள் சூழ்ந்து காற்று வீசி மழை பெய்யும் இரவில்தான் வெளிப்படும். எளிதில் தெரியும் ஒன்றைக் கண்டு, எளிதில் தெரியாத ஒன்றை மறந்துவிடாமல் தேர்ந்தெடுப்பவனே, விடியலில் உலர்ந்த ஆடையோடு எழுந்து, மலையின் மேல் மேகம் விலகும் காட்சியைக் கண்டு மகிழ்வான்.